நடு ஸ்பீக்கர் இருந்த இடம்

போன மாதம் ஒரு பெண் போன் செய்து, "அங்கிள், எங்க அப்பா குரலைக் காணோம். கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

வண்டிச் சாவி காணோம், ரேஷன் கார்டு காணோம் என்றெல்லாம் என்னைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். குரலைத் தேடச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அதுவும் அவள் அப்பா தயாளன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது!

பெண்ணின் பெயர் சுகன்யா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இன்ஜினியரிங் முடித்த பெண், உளறுகிற ஆள் இல்லை. விசாரித்தேன். விஷயம் இதுதான். தயாளனுக்கு வீடியோ பைத்தியம். பழைய ஹேண்டிகேம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் எது நடந்தாலும் எடுத்துத் தள்ளுவார். உள்ளங்கை அளவு குட்டி டிஸ்க்குகள். அதில் அவர் பேச்சு இருந்தது. இப்போது இல்லை.

"மத்தவங்க பேசுறது?"

"எல்லாம் கேக்குது அங்கிள். அப்பா பேசுறது மட்டும் கேக்கல."

எனக்கு ஒரு வியாதி உண்டு. மேனுவல் படிக்கிற வியாதி. எந்தச் சாமான் வாங்கினாலும் எல்லோரும் பெட்டியோடு தூக்கிப் போடுகிற அந்தப் புத்தகத்தை நான் அட்டை முதல் அட்டை வரை படிப்பேன். அதனால் அக்கம்பக்கத்தில் எந்த டப்பா மக்கர் செய்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். போய்ச் சரிசெய்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். அது ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆசைப்பட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். ஞாயிறுகளில் எங்கள் ஆம்பூரில் தோல் வாசனை கம்மி, பிரியாணி வாசனை ஜாஸ்தி. கலகலப்பான தெரு. ஆனால் அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் சத்தமெல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டது. டி.வி.யில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு, பட்டப்பகலில் ஹால் இருட்டாக இருந்தது. சின்ன சிவப்பு பல்பு ஒன்றுதான் எரிந்தது.

பல்பு எரிந்தது தயாளன் படத்துக்கு முன்னால். படம் இருந்தது டி.வி. ஸ்டாண்டில், டி.வி.க்கு நேர் கீழே, நட்டநடுவில்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தயாளன் ஷூ கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜாக இருந்தவர். எல்லோரையும் படம் எடுத்தவரை யாரும் ஒரு படம் எடுக்கவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள்... ஒருத்தர் எதிலும் இருக்க மாட்டார். அவர்தான் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். தயாளன் இறந்ததும் படம் தேடியிருக்கிறார்கள். கிடைத்தது கம்பெனி ஐ.டி. கார்டு போட்டோ மட்டும். ஸ்டாம்ப் அளவு முகத்தை ஸ்டுடியோக்காரன் இரண்டடிக்குப் பெரிதாக்கி, அவர் ஆயுளில் போடாத ஒரு கோட்டையும் மாட்டிவிட்டிருந்தான். கண்கள் மங்கிப்போய், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நம்மையே பார்ப்பதாகப் பட்டது.

தயாளன் மனைவி ரேணுகா வெளியே வந்தார். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவு சூப்பர்வைசர். நாற்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவர். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"வாங்க சார். இது மிஷின் ரிப்பேர் இல்ல. இவதான் கேக்க மாட்டேன்னுட்டா. பாருங்க, டீ போட்டுக்கினு வர்றேன்."

அவர் உள்ளே போனதும் சுகன்யா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். அப்பா போனதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து ஒரு டிஸ்க் பார்ப்பார்களாம். ஷூ டப்பாவில் வரிசையாக அடுக்கி, ஸ்கெட்ச் பேனாவில் நம்பர் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன். ஆறு டிஸ்க் பார்த்திருக்கிறார்கள். ஆறிலும் அவர் குரல் கேட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஏழாவது டிஸ்க்கைப் போட்டபோது இல்லை.

"ஏழாவதுல மைக் கெட்டிருக்கும்," என்றேன்.

"அப்டிதான் நானும் நெனச்சேன் அங்கிள். பழைய ஆறையும் திரும்பப் போட்டுப் பாத்தோம். அதுலேந்தும் போய்ட்டிருக்கு."

எனக்கு உள்ளுக்குள் லேசாகப் பயம். இருந்தாலும் மேனுவல் படித்தவனல்லவா... காட்டிக்கொள்ளவில்லை.

"அது மட்டும் இல்ல அங்கிள். அதுக்கு முந்தின நாள்தான் எனக்கு பூனாவுல வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. அப்பா எப்பவும் இங்கியே ஏதாவது கம்பெனியில சேருன்னுதான் சொல்லுவாரு. நான் வெளியூர் போறது புடிக்காமதான் பேச்சை நிறுத்திட்டாருன்னு அம்மா சொல்றாங்க. வியாழக்கிழமை ரயில். டிக்கெட்டை கேன்சல் பண்ணுன்னு ஒரே பேஜார்."

"நீ என்ன சொல்ற?"

"நான் இன்னா சொல்றது? அம்மா தினமும் அந்த ஏழாவது டிஸ்க்கைப் போட்டு, பேச்சு இல்லாத இடத்துல அப்பாகிட்ட கேள்வி கேக்குறாங்க."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கிண்டலாக, "பதில் வருதா?" என்றேன்.

சுகன்யா சிரிக்கவில்லை.

"வருது அங்கிள்."

டீ வந்தது. ரேணுகா மகளுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் ஒரு பக்கம், நான் சோபாவின் நடுவில். டிஸ்க் ஓட ஆரம்பித்தது.

ஏழாம் நம்பர் டிஸ்க், ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சிக்குப் போனது. சுகன்யாவுக்கு அப்போது ஆறு வயது. வேனுக்குள், படத்தின் ஒரு ஓரத்தில், சின்ன வயது ரேணுகா நேராக நம்மைப் பார்த்து, "அய்ய, மூஞ்சியை எடுக்காதீங்க!" என்கிறார். ஒரு நிமிஷம் நிறுத்துகிறார். எதையோ கேட்டதுபோல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறு ஓரத்தில் ஒரு மாமா, "அது சரி, நீ சொல்லிட்ட!" என்று யாருக்கோ பதில் சொல்கிறார். யாருக்கு? வேன் சத்தம் கேட்கிறது. வளையல் சத்தம் கேட்கிறது. கேமராவைப் பிடித்த கை மைக்கில் உரசுகிற 'கரக் கரக்' கூட இடது பக்கம் கேட்கிறது. கை இருக்கிறது, ஆள் இருக்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

படத்தில் இருக்கிற அத்தனை பேரும் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள், நம்மிடம் இல்லை. அதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

பாறை வந்தது. தண்ணீர் இரைச்சல் பின்னால் சுவரிலிருந்து வந்தது, அங்கே இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். படத்தின் இடது ஓரத்தில் ரேணுகா, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கவுன் போட்ட சுகன்யா. இருவரும் கேமராவையே பார்க்கிறார்கள். யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்தில் எனக்குப் பக்கத்திலிருந்து ரேணுகா, போட்டோவைப் பார்த்து, கணவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் கேட்டார்.

"இன்னாங்க, புள்ளைய பூனாவுக்கு அனுப்பட்டுமா?"

டி.வி.யில் ஆறு வயதுச் சுகன்யா தலையை வேகமாக ஆட்டினாள்.

"வேணாம்ப்பா! நான் போமாட்டேன்!"

ரேணுகா ரிமோட்டை எடுத்து டிஸ்க்கை நிறுத்தினார். "பாத்தீங்களா சார்?" என்றார்.

இது தற்செயல் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? இருட்டு ஹாலில், அந்த மங்கின கண்ணுக்கு எதிரே, கேள்வி முடிந்த நொடியில் பதில் வந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

"மூணு வாரமா எத்தினி வாட்டி கேட்டாலும் இதே பதில்தான் சார். நாளைக்கு ஆலங்காயம் பக்கம் ஒரு அம்மா குறி சொல்றாங்களாம், போலாம்னு இருக்கேன்," என்றார் ரேணுகா.

அந்தக் குறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெண் வீட்டோடு இருக்கட்டும் என்பார்கள். வியாழக்கிழமை ரயில் போய்விடும். நாலு வருடம் படித்தது, ஆறு கம்பெனி ஏறி இறங்கினது எல்லாம் அதோடு போய்விடும். எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. ரேணுகா மேல் இல்லை. அந்தப் பெட்டி மேல்.

வேலையில் இறங்கினேன். அது பழைய ஹோம் தியேட்டர் செட். கீழ்த்தட்டில் டிஸ்க் பிளேயர், முன்னால் இடதும் வலதும் ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் ஒரு வூஃபர். ரிமோட்டில் பாதி எழுத்து அழிந்திருந்தது. சத்தத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கிற சரவுண்ட் பட்டன் உள்ளேயே அமுங்கிப்போய் வேலை செய்யவில்லை. சரி, பாதி ரெக்கார்டிங்கில் கோளாறு இருந்தால் இடது பக்கத்தை மட்டும் இரண்டு பக்கமும் கொடுத்துக் கேட்கலாம், அதற்கு ஆடியோ பட்டன். டிஸ்க்கை முதலிலிருந்து ஓடவிட்டு, அலட்டலாக, "இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

எல்லோர் குரலும் போய்விட்டது.

வேனுக்குள் எட்டுப் பேர் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். கைதட்டுகிறார்கள். ஒரு சத்தம் இல்லை. வூஃபரில் மட்டும் வேன் என்ஜின் 'தும் தும்' என்று தரையில் அதிர்ந்தது. ரேணுகா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இவங்களையும் கூட்டிக்கினு போய்ட்டாரா?" என்றார்.

அவசரமாகப் பட்டனைத் திரும்ப அழுத்தினேன். மேனுவலில் இப்படி ஒரு பக்கம் நான் படித்ததில்லை.

குரல்கள் திரும்பி வந்தன, தயாளன் தவிர. யோசித்துக்கொண்டே சும்மா ஓடவிட்டேன். வேன் முடிந்து, பாறை வருவதற்கு முன்னால் ஒரு ஓடை. அப்போதுதான் அதைப் பார்த்தேன். தயாளன் கேமராவை அசைக்காமல் பிடித்திருக்கிறார். சின்ன சுகன்யா படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கல் மேல் கல்லாகத் தாவுகிறாள். ஒவ்வொரு கல்லுக்கும் சத்தமாக எண்ணுகிறாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாலு மங்கலாகக் கேட்டது. ஐந்து கேட்கவில்லை. ஆறு கேட்கவில்லை. வாய் அசைகிறது, குழந்தை தாவுகிறது, குரல் இல்லை. திரையின் நடுவைத் தாண்டினாள்.

"...ஏழு! எட்டு!"

"அங்கிள், என் குரலும்..." என்றாள் பெரிய சுகன்யா. ஆறு வயதில் தன் குரல் ஒரு இடத்தில் முழுகி இன்னொரு இடத்தில் எழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி போட்டேன். ஐந்தும் ஆறும் இல்லை. மறுபடி. இல்லை. நடுவுக்கு வருகிறவர்கள் குரல் போகிறது. ஓரத்துக்குப் போனால் வருகிறது. கேமராவைப் பிடித்தவர்? அவர் எப்போதும் நடுவில்தான் இருப்பார்!

அப்பாடா என்றிருந்தது. பேய் என்றால் ஓரம், நடு எல்லாம் பார்க்காது. இது செட்டிங் சமாச்சாரம்.

செட்டப் மெனுவுக்குள் போனேன். 'டெஸ்ட் டோன்' என்று ஒன்று இருக்கும். எந்த ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்று பார்க்க, பெட்டி ஒவ்வொன்றாக 'ஷ்ஷ்ஷ்' என்று இரண்டு மூன்று நொடி ஊதிப் பார்க்கும். அழுத்தினேன்.

முன்னால் இடது ஸ்பீக்கரில், ஷ்ஷ்ஷ்.

அடுத்து, ஒன்றும் இல்லை.

முன்னால் வலது, ஷ்ஷ்ஷ். பின்னால் வலது, ஷ்ஷ்ஷ். பின்னால் இடது. மறுபடி முன்னால் இடது. அப்புறம் அந்த மௌனம்.

சத்தம் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுவரோரமாக யாரோ காலைத் தேய்த்து நடப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நகர்ந்தது. எந்த இடம் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. யாரும் கையை நீட்டிக் காட்டவில்லை.

எழுந்து போய், சிவப்பு பல்பை ஓரமாக நகர்த்தி, தயாளன் படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு கறுப்பு ஒயர். முனையில் அழகாக இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. எதிலும் சொருகவில்லை.

"இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"நீட்டமா ஒரு ஸ்பீக்கர் இருந்துச்சு சார். அதைப் பரண் மேல வச்சிட்டேன்," என்றார் ரேணுகா.

"எப்போ?"

"இவளுக்கு ஆர்டர் வந்த அன்னிக்குதான். அவர் படம் உள்ரூம்ல, விளக்கு எதுவும் இல்லாம இருந்துச்சு. நல்ல சேதி வந்திருக்கு, காகிதத்தை அவர் முன்னாடி வச்சுக் கும்பிடணும் இல்ல? ஹால்ல நடுவுல இருக்கட்டும்னு கொண்டாந்து வச்சேன். அந்த ஸ்பீக்கர் எடத்தை அடைச்சிக்கினு இருந்துச்சு. வேற நாலு ஸ்பீக்கர் இருக்கே, ஒண்ணு கம்மியானா இன்னான்னு..."

இனி என் நேரம். டீயைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன். கேமராவில் இரண்டு மைக். இடது பக்கம் நிற்கிறவர் குரல் இடது மைக்கில் ஜாஸ்தி, வலது பக்கம் நிற்கிறவர் குரல் வலது மைக்கில் ஜாஸ்தி. நேர் நடுவில் இருக்கிறவர் குரல் இரண்டிலும் சமம். சரவுண்டில் இருக்கும்போது இந்தப் பெட்டி, இரண்டிலும் சமமாக இருப்பதைப் பிரித்து எடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். சினிமாவில் வசனம் திரையிலிருந்தே வருவதாகத் தோன்ற அந்த ஏற்பாடு. நடு ஸ்பீக்கரைக் கழற்றிய விஷயம் பெட்டிக்குத் தெரியாது. இருக்கிறது என்று நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்வதில்லை. நான் ஆடியோ பட்டனை அழுத்தியபோது இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது, அதனால் எல்லோரும் நடுவுக்குப் போய்விட்டார்கள்.

"ஆக, தயாளன் கோவிச்சுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் குரல் வரவேண்டிய இடத்துல அவர் படத்தை வச்சிட்டீங்க, அவ்வளவுதான்," என்று முடித்துச் சிரித்தேன்.

ரேணுகா சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார்.

"அப்ப... நான்தான் அவர் வாயை அடைச்சேனா சார்?"

அந்த டீயை என்னால் அதற்கு மேல் குடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் படிக்கிற எனக்கு, எதிரே இருக்கிற ஒரு மனுஷியின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. விளக்கம் சரியாக இருந்தால் போதுமா? ஒரு பயத்தை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

"ஸ்பீக்கரை இறக்கி வச்சிடலாம். படத்தைச் சுவத்துல மாட்டினா போச்சு," என்றேன் அவசரமாக.

"வேணாம் சார். விளக்கு வச்சாச்சு. வருஷம் திரும்புற வரைக்கும் வச்ச எடத்துலேந்து எடுக்க மாட்டேன். எங்க வீட்டுல வழக்கம் இல்ல."

அதற்கும் வழி இருக்கிறது. செட்டப் மெனுவில் 'சென்டர் ஸ்பீக்கர்' என்ற வரிக்குப் போய், 'இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும். பெட்டி நடுக்குரலை இரண்டாகப் பங்கு போட்டு இடது, வலது ஸ்பீக்கருக்குச் சமமாகக் கொடுத்துவிடும். கேட்கிறவருக்கு நடுவிலிருந்து வருவதாகவே தோன்றும். என்னிடம் இருக்கிற மேனுவலில் இதற்கு ஒரு பெயர் போட்டிருக்கிறான், 'ஃபேன்டம் சென்டர்'. பேய் நடு! அதை மட்டும் அந்த வீட்டில் நான் மொழிபெயர்க்கவில்லை.

மாற்றினேன். ரேணுகாவை சோபாவின் நடுவில் உட்காரச் சொல்லி, நான் ஓரத்துக்கு நகர்ந்தேன். அவர் மகளின் கையை மறுபடி பிடித்துக்கொண்டார். ரிமோட் என் கையில் இருந்தது. பாறை வருகிற இடத்திலிருந்து ஓடவிட்டேன்.

தண்ணீர் இரைச்சல். இடது ஓரத்தில் சின்ன ரேணுகா, குட்டி சுகன்யா. அந்த மௌனம் இருந்த இடத்தில், கொஞ்சம் கரகரப்பாக, சளி பிடித்த மாதிரி ஒரு ஆண் குரல் கேட்டது.

"கண்ணு, தண்ணிகிட்ட போய் நிக்கிறியா?"

"வேணாம்ப்பா! நான் போமாட்டேன்!"

ரேணுகாவின் கை ரிமோட்டைத் தேடியது. நான் கொடுக்கவில்லை. மூன்று வாரமாக இந்த இடத்தைத் தாண்டி அந்த டிஸ்க் ஓடவே இல்லை.

"இன்னாத்துக்கு பயம்?" என்றார் தயாளன். "நான் இங்கியேதான நிக்கிறேன்? உன்னையேதான பாத்துக்கினு இருக்கேன்? போ கண்ணு."

குழந்தை ஒரு அடி வைத்தாள். நின்றாள். அவளால் போக முடியவில்லை, ஏனென்றால் சின்ன ரேணுகா அவள் கையை விடவில்லை.

"ரேணு, கைய விடு," என்றது குரல். "ஏய் ரேணு... புள்ள கைய விடு. போவட்டும்."

டி.வி.யில் சின்ன ரேணுகா சிரித்துக்கொண்டே கையை விட்டார். குழந்தை ஓடினாள்.

நான் பக்கவாட்டில் பார்த்தேன். சோபாவில் பெரிய ரேணுகாவும் கையை விட்டிருந்தார். மகளின் விரல்கள் அவர் மடியில் விட்ட இடத்திலேயே கிடந்தன, சுகன்யா அதை இழுத்துக்கொள்ளவில்லை.

ரேணுகா, "படத்துலேந்தே பேசுறாரு சார்," என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு காது, சமமான தூரம். நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும் அப்படிக் கேட்கும். ஓரத்தில் இருந்த எனக்கு வலது ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. ஆனாலும் போகும்போது அவர் பின்னால் போய், நேர் நடுவில், ஒரு நிமிஷம் நின்று கேட்டேன்.

படத்திலிருந்துதான் வந்தது.

கிளம்பினேன். இந்த முறை அலட்டல் எதுவும் இல்லை. வாசலில் சுகன்யா, "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள். உள்ளேயிருந்து ரேணுகா, "அந்தப் பெரிய பேக்கை எறக்கு. ஊறுகா பாட்டிலை துணியில சுத்தி வைக்கணும், ஒழுகிடும்," என்று அதட்டுவது கேட்டது. ஸ்டிச்சிங் பிரிவு சூப்பர்வைசரின் பழைய குரல்.

அவள் வியாழக்கிழமை ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினாள். அதற்கு முந்தின நாள், அதுவரை வீட்டை விட்டு வெளியே போக விடாத டிஸ்க்கை அம்மாவே எடுத்துக் கொடுத்து, ஸ்டுடியோவில் போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னாராம்.

போன வாரம் பூனாவிலிருந்து சுகன்யா போன் செய்தாள். வேலை பரவாயில்லை, சப்பாத்திதான் தொண்டையில் இறங்கவில்லை என்றாள். அப்புறம் கேட்டாள்.

"அங்கிள், ஒரு சந்தேகம். அப்பா வீடியோவை இயர்போன்ல கேட்டா, அவர் முன்னாடி நின்னு பேசுற மாதிரி இல்ல. பின்னாடியும் இல்ல. என் தலைக்குள்ள, நட்டநடுவுல நின்னு பேசுறாரு. எதுனா செட்டிங் மாத்தணுமா?"

இதற்கும் எனக்குக் காரணம் தெரியும். சமமான குரல், இரண்டு காதிலும் ஒரே நேரத்தில். அதை அவளிடம் சொல்லவில்லை.

"எதையும் தொடாதேம்மா," என்றேன்.